பதினான்கு கிணறுகள், ஒரு மத்தியானம்

என் அண்ணன் அந்தோணி யாழ்ப்பாணத்தில் ஒரு கிணற்றுக்குள் செத்துக் கிடந்தான். விழுந்தானா, குதித்தானா என்று யாருக்கும் தெரியவில்லை. அதைத் தெரிந்துகொண்டு வரத்தான் போனேன், ஊர் சுற்றிப் பார்க்க இல்லை. ஆனாலும் போன இடத்தில் கண் சும்மா இருக்காது, வயிறும் சும்மா இருக்காது. அதனால் பார்த்தது, தின்றது எல்லாம் இதில் வரும். நான் எட்டாவதோடு நின்றவள். பாம்பனில் இறால் உரிக்கிற கம்பெனியில் வேலை. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பா யாழ்ப்பாணத்துக் குருநகர்க்காரர். சண்டைக் காலத்தில் படகேறிப் பாம்பனுக்கு வந்து அம்மாவைக் கட்டினார். கடலிலேயே போய்ச்சேர்ந்தார். அண்ணன் அப்பாவின் பிறப்புப் பத்திரத்தை எடுத்துக்கொண்டு அப்பாவின் ஊருக்கே போய்விட்டான். கோப்பாய்ப் பக்கம் ஒரு எஞ்சினியரிங் கம்பெனியில் வேலை கிடைத்தது. தண்ணீர்த் தொட்டி செய்கிற, ஜெனரேட்டரும் டிராக்டரும் பிரித்துப் பழுது பார்க்கிற கம்பெனி. அண்ணன் இரும்பைத் தொடவில்லை. திங்கட்கிழமைதோறும் சைக்கிளில் போய், கம்பெனியைச் சுற்றியுள்ள பதினான்கு கிணறுகளில் ஒவ்வொரு போத்தல் தண்ணீர் எடுத்து வருவான். கம்பெனி எண்ணெய் நிலத்துக்குள் இறங்கிக் கிணற்றில் கலந்திருக்கிறதா என்று சோதிப்பதற்கு. அம்மா போனில் சிரிப்பாள். "கடல்ல வலை இழுத்த குடும்பம். நீ போத்தல்ல தண்ணி புடிக்கப் போனியாக்கும்."

சாவுச் செய்தி வந்த பிறகு அம்மா அவன் பேரைச் சொல்லி ஜெபிப்பதை நிறுத்திவிட்டாள். சாமியார் வீட்டுக்கே வந்து, ஜெபிக்கலாம் என்று சொல்லிப் பார்த்தார். அம்மா கேட்கவில்லை. "மூணு வயசுல நீந்துனவன் சாமி. அவனா முங்காம கெணத்துல முங்க மாட்டான். வேண்டாம்னு போனவனுக்காக நான் யார்கிட்டப் போய் மன்றாடுறது?" என்றாள். முப்பத்தோராம் நாள் பூசைக்கும் எழுந்து வரவில்லை. மறுவாரம் நான் கிளம்பினேன்.

முதல் நாள் குருநகரில் அப்பாவின் தங்கச்சி வீடு. அண்ணன் தங்கியிருந்ததும் அங்கேதான். வாசலில் நின்று "அத்தை" என்றேன்.

"மாமி எண்டு கூப்பிடு. அத்தை எண்டால் ஆரோ படத்திலை வாற பொம்பிளையைக் கூப்பிடுறது மாதிரிக் கிடக்கு" என்று சொல்லிக்கொண்டே கட்டிப்பிடித்து அழுதார். அழுது முடித்த கையோடு புட்டும் நண்டுக் குழம்பும் போட்டார். நண்டு எங்கள் நண்டுதான், தூள் வேறே. வறுத்த தூளின் காரம் தொண்டையில் இறங்காமல் காதில் ஏறியது. மூக்கு வடிய வடியத் தின்றேன். பசித்தது. அண்ணன் செத்த வீட்டில் எனக்கு இப்படிப் பசிக்கிறதே என்று வெட்கமாகவும் இருந்தது.

சாப்பிட்டதும் கடற்கரைக்குப் போனேன். எங்கள் ஊர்க் கடல் ஏசும், அடிக்கும். இங்கே கடல் பேசவே இல்லை. தட்டில் ஊற்றி வைத்த மாதிரி அசையாமல் நின்றது. வலை பிரித்துக்கொண்டிருந்த பெண்கள் என்னைக் கண்டதும் பேச்சை நிறுத்தினார்கள். நான் கடந்து போன பிறகு, முதுகுக்குப் பின்னால் பேச்சு மறுபடி தொடங்கியது. "அன்ரன்ரை தங்கச்சி. ஓம், அந்தக் கிணத்துப் பெடியன்." இந்த ஊரில் அவன் அன்ரன்.

மாமி தண்ணீர் குடிக்கும்போது ஒன்றைக் கவனித்தேன். ஒவ்வொரு தடவையும் செம்புக்குள் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் வாயில் வைத்தார்.

"என்ன மாமி பாக்குறீங்க?"

"ஒண்டுமில்லை." செம்பைக் கவிழ்த்து வைத்துவிட்டு அவரே சொன்னார். "அவன்ரை முகம் தெரியுமோ எண்டு."

பிறகு நான் கேட்க வந்ததைக் கேட்டேன். அண்ணன் செத்தது ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், பதினான்கில் ஒரு வீட்டுக் கிணற்றில். தண்ணீர் எடுக்கிற நாள் இல்லை. அங்கே அவனுக்கு ஒரு வேலையும் இல்லை. அந்த வீட்டு அம்மா நித்திரையாம், எழுந்து வந்து பார்த்தால் கிணற்றுக்குள் கிடந்தானாம். தலையில் காயம். "செருப்பைக் கழட்டி, சோடி சேர்த்து வைச்சிட்டெல்லோ போயிருக்கிறான்" என்றார் மாமி. "வழுக்கி விழுறவன் செருப்பை அடுக்கி வைச்சிட்டே விழுவான், சொல்லு பாப்பம்."



இரண்டாம் நாள் கம்பெனிக்குப் போகப் பஸ் ஏறினேன். கோப்பாயில் இறங்க வேண்டும். வழியில் செம்மண் தோட்டங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எங்கே பார்த்தாலும் கிணறு. ஆறு கிடையாது, ஏரி கிடையாது. இந்த ஊர் முழுக்கக் குடிப்பது காலுக்குக் கீழே இருப்பதைத்தான். அந்த நினைப்பிலேயே கோப்பாயைத் தாண்டிவிட்டேன். கண்டக்டர் வந்து, "பிள்ளை, எங்கை போறீர்?" என்றான்.

"கோப்பாய்ங்க."

"அது எப்பவோ போட்டுது. இனி நெல்லியடியிலை இறங்கி ஒரு ரீ குடிச்சிட்டுத் திரும்பி வாரும்." பஸ்ஸில் எல்லாரும் சிரித்தார்கள். பின்னால் ஒரு கிழவர், "இந்தியாப் பிள்ளை. அங்கை ஊருகள் தூரம் தூரமாம். இங்கை கொட்டாவி விட்டால் ரெண்டு ஊர் போயிடும்" என்றார்.

நெல்லியடியில் அவன் சொன்ன மாதிரியே ஒரு டீ குடித்தேன். கேட்காமலே ஒரு தட்டு நிறைய ரோல்ஸ் கொண்டுவந்து வைத்தார்கள். எல்லாம் எனக்கு என்று நினைத்து நாலு தின்றுவிட்டேன். தின்றதைத்தான் எண்ணுவார்கள், மிச்சம் அடுத்த மேசைக்குப் போகும் என்று பிறகுதான் தெரிந்தது. திரும்பப் பஸ் ஏறி, கோப்பாய்ச் சந்தியில் ஒரு ஓட்டோ பிடித்துக் கம்பெனிக்குப் போய்ச் சேர மத்தியானம் சாய்ந்துவிட்டது.

எஞ்சினியரிங் கம்பெனி என்றால் கரியும் சத்தமும் என்று நினைத்திருந்தேன். தரை எங்கள் கோயில் தரையை விடச் சுத்தம். ஒவ்வொரு எஞ்சினுக்குக் கீழேயும் இரும்புத் தட்டு, தட்டில் மரத்தூள். காட்டிக்கொண்டு வந்தவர் தர்சினி மிஸ். கம்பெனியின் சுற்றுச்சூழல் பகுதிக்குப் பொறுப்பு அவர்தான். என்னை விட ஐந்தாறு வயதுதான் மூப்பு. கழுவுகிற தண்ணீர் மூன்று அறைத் தொட்டிக்குள் போகிறது. எண்ணெய் மேலே மிதக்க, தண்ணீர் மட்டும் அடியால் அடுத்த அறைக்கு நழுவுகிறது.

"இதெல்லாம் நான் வந்தாப் பிறகு செய்தது" என்றார். "அதுக்கு முதல் அந்த மூலையிலை ஒரு குழி. வருசக்கணக்கா அதுக்குள்ளைதான் கழிவு ஓயில் ஊத்தினவை. இது மண் இல்லைத் தங்கச்சி. கீழை சுண்ணாம்புக்கல், கறையான் திண்ட பலகை மாதிரி ஓட்டை. இங்கை விட்ட சொட்டு எந்தக் கிணத்திலை, எப்ப எழும்பும் எண்டு ஒருத்தருக்கும் தெரியாது."

"அதுக்குத்தான் அண்ணன் தண்ணி எடுத்தானா?"

"ஓம். ஆனால் அவர் கொண்டந்த பதினாலு போத்திலும் ஒவ்வொரு கிழமையும் கோயில் தீர்த்தம் மாதிரிச் சுத்தம். கிணறுகள் சுத்தமெண்டால் பழைய குழியை ஏன் காசு செலவழிச்சுத் தோண்டவேணும் எண்டு மேலிடத்திலை கேக்கினம்."

அந்த மூலையைப் பார்த்தேன். குழியின் மேல் தகரம் போட்டிருந்தார்கள். சுற்றிப் புல் முளைக்கவில்லை.

"மிஸ், கடைசியா உங்ககிட்ட அண்ணன் என்ன பேசினான்?"

அவர் ஒரு துணியை எடுத்துக் கையைத் துடைத்தார். கையில் அழுக்கு எதுவும் இல்லை. "வழமையாக் கதைக்கிறதுதான்" என்றார்.

அண்ணன் போன வழியிலேயே போய்ப் பார்க்க ஆசை என்றேன். அதற்கு மட்டும் உடனே சரி என்றார். பதினான்கு வீடுகளும் வரிசைப்படி எழுதிய தாள் ஒன்று தந்தார்.

மூன்றாம் நாள் அதே ஓட்டோவைப் பேசிக்கொண்டேன். ஓட்டுநர் பெயர் யோகன், வாய் ஓயாத ஆள். "இந்தியாவிலை எல்லாரும் சினிமா மாதிரிக் கதைக்கிறீங்கள். பாட்டும் வருமோ?" என்றார். வராது என்றேன். "அப்ப பறவாயில்லை" என்றார்.

முதல் வீட்டில் ஒரு ஐயா வந்தார். இன்னாரின் தங்கச்சி என்று சொன்னதும் முகம் இரங்கியது. உட்காரச் சொன்னார். பிறகு, "தகப்பன் எந்த இடம்? ஆரின்ரை பிள்ளை?" என்றார். குருநகர், மீன்பிடி என்றேன். "ஓ" என்றார். அந்த 'ஓ'வுக்குப் பிறகு நாற்காலி கொஞ்சம் தள்ளிப் போன மாதிரி இருந்தது. கிணற்றைப் பார்க்கலாமா என்றேன்.

"பாக்கலாம், இதிலை நிண்டு பாரும். தண்ணி வேணுமெண்டால் நாங்களே அள்ளித் தருவம். எங்கடை கிணத்திலை வெளியாக்கள் வாளி போடுறேல்லை."

"எங்க அண்ணனுக்கும் அப்படித்தானா?"

"எல்லாருக்கும் அப்பிடித்தான்."

ஒழுங்கை என்று அவர்கள் சொல்கிற சந்துக்கு வந்ததும் யோகன் அண்ணை மெதுவாகச் சிரித்தார். "எல்லாருக்கும் இல்லைப் பிள்ளை. எனக்கு வாளியைத் தருவினம்."

எட்டு வீடுகள் ஏறி இறங்கினேன். எட்டிலும் அள்ளித்தான் தந்தார்கள். சில வீடுகளில் கிணற்றுப் பக்கமே போகாமல், குசினிக்குள்ளிருந்து செம்பில் கொண்டுவந்து தந்தார்கள். நல்ல தண்ணீர். குளிர்ச்சியான தண்ணீர். ஆனால் வீட்டுக்கு வீடு ஒரே ருசி.

எட்டாவது வீடு முடிந்தபோது உச்சி வெயில். யோகன் அண்ணை ஒழுங்கை முனையில் ஓட்டோவுக்குள் சரிந்துவிட்டார். சாப்பாட்டுக்குப் பிறகு இந்த ஊர் அப்படியே அடங்கிப்போகிறது. நாய் குரைக்கவில்லை, பனையோலை கூட அசையவில்லை. நிழல் காலுக்குள் போய் ஒளிந்துகொண்டது. நான் மட்டும் நடந்தேன். வழியில் வீடு இல்லாத வெறும் வளவு ஒன்றில் கட்டு இடிந்த கிணறு. யாரும் தடுக்க இல்லாததால் எட்டிப் பார்த்தேன். ஆழத்தில் தண்ணீர் கறுப்பாகக் கிடந்தது. திடீரென்று அது நடுங்கியது. கல் விழவில்லை, காற்று இல்லை. தோல் சிலிர்க்கிற மாதிரி ஓரத்திலிருந்து நடுவுக்கு ஒரு நடுக்கம். தூரத்தில் ஏதோ தோட்டத்தில் மோட்டார் போடுகிற சத்தம் அதற்குப் பிறகுதான் காதில் விழுந்தது. நிலத்துக்குக் கீழே எல்லாக் கிணறும் ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டு கிடக்கின்றன. ஓடினேன் என்றே சொல்லலாம்.

ஒன்பதாவது வீட்டு மதிலில் ஐந்து போத்தல்கள் வரிசையாக நின்றன. அண்ணன் கொண்டுபோகிற மாதிரியான போத்தல்கள். ஐந்திலும் தண்ணீர். செத்து ஐந்து திங்கட்கிழமை ஆகிறது. இதுதான் அந்த வீடு.

படலையைத் தட்டும் முன்பே ஒரு அம்மா வந்து திறந்தார். ஐம்பது வயது இருக்கும், நெற்றியில் திருநீறு. பெயர் தவமணி என்று தாளில் இருந்தது. என் முகத்தைப் பார்த்ததும் அவர் கை படலையிலேயே நின்றுவிட்டது. அண்ணனுக்கும் எனக்கும் ஒரே மூக்கு.

"போத்தல் யார் வச்சதும்மா?"

"நான்தான்." குரல் இறங்கியிருந்தது. "திங்களெண்டால் படலையிலை சைக்கிள் மணி கேக்குது. எடுத்து வைச்சாத்தான் நிக்குது. வைக்காட்டில் பொழுதுபடும் வரைக்கும் அடிச்சுக்கொண்டே நிக்கும்."

ஒரு போத்தலை எடுத்து வெயிலில் பிடித்தேன். தண்ணீருக்கு மேல் மெல்லிசாக ஒரு வளையம், மயில் கழுத்து நிறத்தில். மூடியைத் திறந்தேன். கம்பெனி எண்ணெய் வாசம்.

"கிணத்தப் பாக்கணும்" என்றேன். இந்த அம்மா தள்ளி நில் என்று சொல்லவில்லை. முன்னால் நடந்தார். கிணற்றுக்கட்டில் கால் வைக்கப் போனேன். சட்டென்று திரும்பினார்.

"செருப்பைக் கழட்டிப்போட்டு ஏறும் பிள்ளை. சாமிக்குத் தண்ணி அள்ளுற கிணறு. நாங்களும் செருப்போடை ஏறுறேல்லை."

கழற்றினேன். என்னை அறியாமல் சோடி சேர்த்து ஓரமாக வைத்தேன். வைத்துவிட்டு நிமிர்ந்தால் அந்த அம்மா என் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்க அண்ணனுக்கும் இது தெரியுமா?"

"ஓம். சாமிக்கு அள்ளேக்கை நாங்கள் கழட்டுறதைப் பாத்துக்கொண்டுதானே தள்ளி நிக்கிறவன்."

"அப்ப அவன் சாகக் கழட்டலையேம்மா. தண்ணி அள்ளத்தான கழட்டியிருக்கான்."

அவர் கிணற்றுக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். நானும் உட்கார்ந்தேன். அவர் சொன்னதை அவர் சொன்ன மாதிரியே எழுதுகிறேன்.

"நான் அவனுக்கு ஒரு நாளும் இந்தக் கிணத்துத் தண்ணி குடுக்கேல்லை. கோயில் பைப்பிலை பிடிச்சு வைச்சுக் குடுத்தனான். மகளுக்குச் சம்பந்தம் பேசுறம், இந்த வீடுதான் சீதனம். ஓயில் ஊறின கிணத்தை ஆர் சீதனமா எடுப்பினம்? மற்றவையும் அப்பிடித்தான். ஓயில் தண்ணியிலை விளைஞ்ச மரக்கறி எண்டால் சந்தையிலை ஒருத்தரும் தொடாயினம். அந்தப் பெடியன் ஒண்டும் கேக்கேல்லை. குடுத்ததை வாங்கிக்கொண்டு, வாறன் அம்மா எண்டு போறவன்."

"செவ்வாய்க்கிழமை?"

"சத்தம் கேட்டுது. வெளியிலை வந்தன். கிணத்துக்கட்டிலை ஏறி நிண்டு, கயித்திலை போத்திலைக் கட்டி இறக்கிக்கொண்டு நிக்கிறான். எனக்கு எங்கையிருந்து வந்ததோ, 'ஆரடா எங்கடை கிணத்திலை' எண்டு கத்திப்போட்டன். திரும்பிப் பாத்தான். என்னைக் கண்டதும் கும்பிட்டான் பிள்ளை. கயித்தை விட்டிட்டு, ரெண்டு கையாலையும் கும்பிட்டான். அப்பிடியே இறங்கப் பாத்தவன், கால் வழுக்கிப்போட்டுது. உள்ளுக்கை ஒரு கல்லு நீட்டிக்கொண்டு நிக்குது. தலை அதிலை பட்ட சத்தம் கேட்டுது."

"நீங்க என்ன செஞ்சீங்க?"

"வாளியும் கயிறும் பக்கத்திலை கிடந்தது. நான் போடேல்லை. ஒருத்தரும் காணேல்லை எண்டு ஒரு நினைப்பு வந்தது. அது பொல்லாத நினைப்பு. அந்த நினைப்போடை கொஞ்ச நேரம் நிண்டிட்டன். பிறகுதான் ஆக்களைக் கூப்பிட்டனான். நித்திரை எண்டு சொன்னனான்."

உண்மையைச் சொல்கிறேன். அவர் கழுத்தைப் பிடிக்க வேண்டும் போல இருந்தது. அதே நேரம் நெஞ்சுக்குள் ஒரு சந்தோசம் பொங்கியது. அவன் குதிக்கவில்லை. எங்களை வேண்டாமென்று போகவில்லை. கொன்றவள் முன்னால் உட்கார்ந்து சந்தோசப்படுகிறேனே என்று அழுகை வந்தது. கிணற்றுக்குள் பார்த்தேன். தண்ணீர் மேல் நிறங்கள் மெதுவாகச் சுழன்றன, யாரோ கீழேயிருந்து மூச்சு விடுகிற மாதிரி.

"எங்கம்மா இன்னும் அவன் பேரைச் சொல்லி ஜெபிக்கலம்மா" என்றேன். "நான் போய்ச் சொன்னா, ஆறுதலுக்குச் சொல்றேன்னு நினைக்கும். நீங்க சொன்ன பொய் எழுத்துல இருக்குல்ல. அத விசாரணை அதிகாரிகிட்டப் போய் எழுத்துலயே மாத்தணும்."

அவர் வீட்டுக்குள் பார்த்தார். மகளின் புதுச்சேலை ஒன்று கொடியில் கிடந்தது.

"நாளைக்குக் காலமை வாரும்" என்றார்.

வருவாரா என்று எனக்கு நம்பிக்கை இல்லை. அன்று மாமி வைத்த மீன்குழம்பை அப்படியே மூடி வைத்தேன்.

நான்காம் நாள் காலையில் முதலில் கம்பெனிக்குப் போய் ஐந்து போத்தல்களையும் தர்சினி மிஸ் மேசையில் வைத்தேன். ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நடந்ததைச் சொன்னேன். தலையைக் குனிந்துகொண்டார்.

"அவர் சாகிறதுக்கு முதல் நாள், திங்கள், நான் ஏசினனான். பதினாலு கிணறும் ஒரே தண்ணியா இருக்குமே, நீர் ஒரே பைப்பிலை பிடிச்சுக்கொண்டு வாறீரோ எண்டு. 'நாளைக்கு என்ரை கையாலை அள்ளிக்கொண்டு வாறன் மிஸ்' எண்டார். தனிய விட்டது என்ரை பிழை. இதை நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை." எழுந்து பையை எடுத்தார். "நானும் வாறன். வேலை போனால் போகட்டும்."

யோகன் அண்ணையின் ஓட்டோவில் தவமணி அம்மா வீட்டுக்குப் போனோம். படலை வாசலில் வெள்ளைச் சேலை கட்டி நின்றார். பின் சீட்டில் மூன்று பேர், நான் நடுவில். அந்த அம்மாவின் தோள் என் தோளோடு ஒட்டிக்கொண்டு வந்தது.

மரண விசாரணை அதிகாரி தன் வீட்டு முன்னறையில்தான் வேலை பார்க்கிறார். முற்றத்தில் மாமரம், கதவடியில் நாய் படுத்திருந்தது. தர்சினி மிஸ் பெஞ்சில் உட்கார்ந்தார். நானும் உட்காரப் போனேன். தவமணி அம்மா வாசற்படியில் நின்று திரும்பினார்.

"நீரும் உள்ளுக்கு வாரும் பிள்ளை. தனியப் போனால் நான் திரும்பியும் நித்திரை எண்டு சொல்லிப்போடுவன்."

உள்ளே போனோம். அதிகாரி ஒரு கோப்பைத் தேடி எடுத்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பழைய வாக்குமூலத்தை மெதுவாக வாசித்தார். வாசித்து முடித்துவிட்டு, "சம்பவ நேரம் நித்திரையிலை இருந்ததா இதிலை சொல்லியிருக்கிறீங்கள். இப்ப என்ன மாத்தவேணும்?" என்றார்.

அந்த அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"நான் நித்திரை இல்லை ஐயா" என்றார். "முழிச்சிருந்தனான். எழுதுங்கோ."